தேயிலைக் கணக்கெழுதிய பொறி

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கடல் மட்டத்திற்கு மேல் 4,000 அடிக்கும் மிகுந்த உயரத்தில் விரிந்து கிடப்பது கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் அப்பகுதிக்குச் சென்று குறிப்பெழுதிய நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே அம்மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்னும் வணிகர் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்தார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. அடர்ந்த காட்டை வெட்டிச் சரிவுகளைத் திருத்திக் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளியவர்களுள் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினர். தேயிலை மலையின் அழகைப் பாடியோர் பலர். அம்மலையில் எழுதப்பட்ட கணக்கைப் பற்றிச் சிந்தித்தோர் மிகச் சிலரே.

தோட்ட வாழ்வு கணக்கினால் இயங்கிய வாழ்வாகும். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டது. கூடையில் வந்த கொழுந்து நிறுக்கப்பட்டது. கிராணியார் அந்த எடையைப் பெயருக்கு நேரே பதிந்தார். மாத முடிவில் செக்ரோல் புத்தகத்தைக் கொண்டு வேலை நாள் எத்தனை, எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று கூட்டிப் பெருக்கிச் சம்பளம் தீர்மானிக்கப்பட்டது. ஒரு தொழிலாளி தோட்டத்தில் வாழ்ந்தார், உழைத்தார், இத்தனை ஆண்டு இருந்தார் என்பதற்கு அப்புத்தகத்தின் ஒரு வரியே பல வேளைகளில் சான்றாக நின்றது.

மலையில் கிராணியார் கையால் கணக்கெழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், தேயிலையை வாங்கிக் கலந்து விற்ற இங்கிலாந்தில், அத்தகைய கணக்கைப் பொறியிடம் ஒப்படைக்கும் எண்ணம் பிறந்தது. வணிகக் கணக்குக்கென்று இயங்கிய உலகின் முதற் கணிப்பொறியை உருவாக்கியது மின்பொறி நிறுவனமன்று. ஒரு தேயிலை நிறுவனமே. அப்பொறி பிறந்ததும், அழிந்ததும், அதன் வழித்தோன்றலின் நிரல்கள் அரை நூற்றாண்டுக்குப் பின் மீட்கப்பட்டதும் தமிழ் கற்போரும் கற்பிப்போரும் அறியத்தக்க வரலாறாகும்.

லியோ பிறந்த கதை

லண்டனில் 1894ஆம் ஆண்டு பிக்காடிலித் தெருவில் ஒரு தேநீர்க் கடையைத் திறந்தது ஜே. லயன்ஸ் நிறுவனம். பின்னர் நாடெங்கும் கடைகள் பெருகின. தேயிலைக் கலப்பு, ரொட்டி, கேக், உணவு விடுதி என அதன் தொழில் விரிந்தது. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிது. கோடிக்கணக்கான சிறு விற்பனைகளைக் கொண்டு பிழைக்கும் நிறுவனத்திற்குக் கணக்குச் செலவே பெரும் பாரமாக அமைந்தது. எழுத்தர் படை ஒன்றே அங்கே இரவு பகலாக உழைத்தது. இப்பாரத்தைக் குறைக்கும் வழியை ஆராய்ந்தவர்களுள் முதல்வர் நிறுவனத்தின் கணக்கியல் தலைவர் ஜான் சிம்மன்ஸ்.

1947இல் ரேமண்ட் தாம்சன், ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு என்னும் அதிகாரிகள் இருவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். போர்க்காலக் கணிதத்திற்கெனப் பிறந்த மின்னணுப் பொறிகளை அவர்கள் அங்கே அறிந்தனர். எறிகுண்டின் பாதையைக் கணக்கிடும் பொறி ரொட்டியின் விலையையும் கணக்கிடலாம் என்னும் எண்ணம் அவர்கட்குத் தோன்றியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் அத்தகைய பொறி ஒன்றை அமைத்துக்கொண்டிருந்த செய்தியும் அப்பயணத்திலேயே கிட்டியது. லயன்ஸ் நிறுவனம் அம்முயற்சிக்குப் பொருளும் ஆளும் உதவியது. எட்சாக் எனப்பெற்ற கேம்பிரிட்ஜ் பொறி 1949 மே 6ஆம் நாள் இயங்கியது. அதனை அடியொற்றி லயன்ஸ் தன் சொந்தப் பொறியை அமைத்தது. ஜான் பிங்கர்ட்டன் பொறியமைப்பைக் கவனித்தார். அலுவலகப் பணியைப் பொறிக்கேற்ற கட்டளைகளாகப் பகுத்துத் தரும் பணிக்கு டேவிட் கேமினர் தலைமை தாங்கினார். லயன்ஸ் மின்னணு அலுவலகம் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அப்பொறி லியோ என்று பெயர் பெற்றது.

1951 செப்டம்பர் 5ஆம் நாள் ரொட்டித் தொழிற்சாலையின் மதிப்பீட்டுக் கணக்கை லியோ முதன்முறையாகப் போட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் அக்கணக்கு முழுவதும் பொறியின் பொறுப்பாயிற்று. பின்னர்ச் சம்பளக் கணக்கு வந்தது. தேர்ந்த எழுத்தர் ஒருவர் எட்டு நிமிடத்தில் செய்யும் ஓர் ஊழியரின் சம்பளக் கணக்கை லியோ ஒன்றரை வினாடியில் முடித்தது. தேநீர்க் கடைகளுக்கு மறுநாள் அனுப்பவேண்டிய பண்டங்களின் கணக்கும், தேயிலைக் கலப்புக்குரிய கணக்கும் அடுத்தடுத்து அதனிடம் சேர்ந்தன. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் விளைந்த இலை லண்டனில் கலக்கப்பட்டபோது, அதன் இருப்பையும் விலையையும் ஒரு பொறி நினைவில் வைத்துக் கூறியது.

பாதரசத்தில் எழுதிய எழுத்து

லியோவின் நினைவகம் விந்தையானது. ஏறத்தாழ 6,000 வால்வுகளைக் கொண்டு ஓர் அறையை நிறைத்துநின்ற அப்பொறி, தன் எண்களைப் பாதரசம் நிரம்பிய நீண்ட குழாய்களில் ஒலித்துடிப்புகளாக வைத்திருந்தது. குழாயின் ஒரு முனையில் புகுந்த துடிப்பு மறுமுனையை அடைந்ததும் பிடிக்கப்பட்டு, வலுவூட்டப்பட்டு, மீண்டும் முதல் முனைக்கு அனுப்பப்பட்டது. மலையிடுக்கில் கூவியவன் எதிரொலி அடங்குமுன் மீண்டும் கூவிக்கொண்டே இருப்பதை ஒப்பது இம்முறை. மின்சாரம் நின்றால் எதிரொலி அடங்கும், நினைவும் அழியும். அதில் 2,048 சொற்களே அடங்கின. சொல் என்பது இங்கே ஓர் எண்ணையோ கட்டளையையோ வைக்கும் இடம். எனவே நிலைத்த பதிவு அனைத்தும் துளையிட்ட அட்டையிலும் காகித நாடாவிலும் அச்சிட்ட தாளிலுமே இருந்தது. பொறி கணக்கிட்டது, காகிதமே நினைவில் வைத்தது. இந்த உண்மை பின்னர்ப் பெரும் பயன் தந்தது.

லியோவைக் கண்ட பிற நிறுவனங்களும் அத்தகைய பொறியை விரும்பின. 1954இல் லயன்ஸ் தனியே ஒரு கணிப்பொறி நிறுவனத்தைத் தோற்றுவித்தது. 1957இல் இரண்டாம் லியோவும், 1960களின் தொடக்கத்தில் மூன்றாம் லியோவும் வந்தன. மூன்றாம் லியோ வால்வை நீக்கி டிரான்சிஸ்டரை ஏற்றது. ஒரே நேரத்தில் பல பணிகளைப் பகிர்ந்து செய்தது. ஆயினும் தேநீர் விற்கும் நிறுவனம் பொறித்தொழிலின் பெருஞ்செலவை நெடுநாள் தாங்க இயலவில்லை. 1963இல் லியோ நிறுவனம் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்துடன் இணைந்தது, 1968இல் ஐ.சி.எல். என்னும் பெருநிறுவனத்துள் அடங்கியது. முதல் லியோ 1965 சனவரியில் நிறுத்தப்பட்டுப் பிரிக்கப்பட்டது. பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் தொலைபேசிக் கட்டணக் கணக்கைப் போட்டுவந்த மூன்றாம் லியோப் பொறிகள் 1981இல் ஓய்ந்தன. 1978இல் லயன்ஸ் நிறுவனமே பிறர் கைக்கு மாறிவிட்டது.

பொறி நின்றபோது அதன் உடல் மட்டும் அழியவில்லை. அது பேசிய மொழியும் உடன் நின்றது. ஒரு காந்த நாடா எங்கேனும் எஞ்சியிருப்பினும் அதனைப் படிக்கும் கருவி இல்லை. கருவி கிடைப்பினும் அதன் எண்களைக் கட்டளையாகக் கொள்ளும் பொறி இல்லை. பல்லாயிரம் மனித நாட்களின் உழைப்பால் எழுதப்பட்ட நிரல்கள், படிப்பாரற்ற கல்வெட்டாகும் நிலை நேர்ந்தது.

தாளிலிருந்து மீண்ட நிரல்

இந்நிலையில் உதவியவை பழைய அச்சுத் தாள்கள். மூன்றாம் லியோவின் அடிப்படை நிரல்களை வரிவரியாக அச்சிட்ட தாள்களை, லியோவில் பணிபுரிந்த காலின் டல்லி என்பவர் எறியாமல் காத்துவைத்திருந்தார். பயனற்ற பழந்தாள் என்று கருதத்தக்க அக்கட்டில் இரு நிரல்கள் சிறப்புடையன. ஒன்று, இன்டர்கோடு என்னும் மொழியில் எழுதிய கட்டளைகளைப் பொறிக்குரிய எண்களாக மாற்றும் மொழிபெயர்ப்பு நிரல். மற்றொன்று, பொறியின் பணிகளை ஒழுங்குபடுத்தி நடத்திய தலைமை நிரல். டேவிட் ஹோல்ட்ஸ்வொர்த் என்னும் கணிப்பொறி அறிஞரும், கணிப்பொறிப் பாதுகாப்புக் கழகத்தைச் சார்ந்த பழைய லியோ ஊழியர் சிலரும் இத்தாள்களிலிருந்து நிரல்களை உயிர்ப்பிக்க முற்பட்டனர்.

இப்பணியில் இரு பெரும் படிகள் இருந்தன. முதற்படி, தாளில் உள்ளதைப் பிழையின்றி இன்றைய கணிப்பொறிக்குள் ஏற்றுதல். மங்கிய அச்சைத் தானே படிக்கும் கருவிகள் இத்தகைய தாளில் தடுமாறும். சுழியும் ஓ என்னும் ஆங்கில எழுத்தும் ஒன்றுபோல் தோன்றும். ஒன்று என்னும் எண்ணும் ஐ என்னும் எழுத்தும் மயங்கும். ஆகவே மனிதர் கண்ணால் பார்த்து விரலால் தட்டச்சிடும் பழைய வழியே கைகொடுத்தது. கட்டுரையில் ஓர் எழுத்து மாறினால் வாசகர் ஊகித்துக்கொள்வர். நிரலில் ஓர் எழுத்து மாறினால் கணக்கே மாறும், அல்லது நின்றுவிடும். அதனால் தட்டச்சிட்டதை மீண்டும் மீண்டும் ஒப்புநோக்குதல் இன்றியமையாததாயிற்று.

இரண்டாம் படி, மறைந்த பொறியை நிரலளவில் மீண்டும் படைத்தல். மூன்றாம் லியோவின் ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்தது என்பதைக் கையேடுகளிலிருந்தும் பழைய ஊழியரின் நினைவிலிருந்தும் திரட்டி, அவ்வாறே நடந்துகொள்ளும் நிரல் ஒன்று இன்றைய கணிப்பொறியில் எழுதப்பட்டது. அதனை ஒப்புப்பொறி எனலாம். பழைய நிரல் தன் தாய்ப்பொறியில் இருப்பதாகவே கருதி அதனுள் இயங்கும். அவ்வாறு இயங்கத் தொடங்கியதும் தட்டச்சுப் பிழைகள் வெளிப்பட்டன; ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன. முடிவில் அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட மொழிபெயர்ப்பு நிரல் மீண்டும் தன் பணியைச் செய்தது.

கட்டளையை அறிவது மட்டும் போதாது. அக்கால வழக்கையும் அறிதல் வேண்டும். 1971 பிப்ரவரி 15ஆம் நாள் வரை பிரிட்டிஷ் நாணயம் பதின்ம முறையில் அமையவில்லை. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுன். வணிகக் கணக்குக்கென்றே பிறந்த மூன்றாம் லியோ இக்கலப்பு எண்முறையை நேரடியாகக் கையாளும் ஆற்றல் பெற்றிருந்தது. இதனை அறியாத இளைஞர் ஒருவர் அதன் எண்களைப் பார்ப்பின் கூட்டலே தவறென்று எண்ணுவார். கேமரன் மலையின் பழைய கணக்கிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 40 என்ற எண் இராத்தலா, காட்டியா, கிலோவா என்று அறியாமல் ஒருவர் நாள் முழுதும் உழைத்த உழைப்பை அளக்க இயலாது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பிறகு வளர்ந்த தலைமுறைக்குப் பழைய அளவைகள் கற்றறிய வேண்டிய மொழியாகவே ஆகிவிட்டன.

ஏடு காத்தோர் காட்டிய வழி

மங்கிய எழுத்தைப் படித்து, படிகளை ஒப்பிட்டு, பிழை களைந்து புதிய ஊடகத்தில் ஏற்றும் இப்பணி தமிழுக்குப் புதிதன்று. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பின்னரே உ. வே. சாமிநாதையரின் கவனம் சீவக சிந்தாமணியின்பால் திரும்பியது. 1887இல் அந்நூல் அச்சேறியது. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெரியாது. சொல் பிரிந்து நில்லாது. ஒரு சுவடியின் குறையை மற்றொரு சுவடி தீர்த்தது. பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டதும், உரையையும் மரபையும் அறிந்தாரை அணுகிக் கேட்டதும் பாடத்தைத் தெளிவாக்கின. சி. வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புப் பணியும் இத்தகையதே.

ஓலையின் ஆயுள் சில நூறு ஆண்டுகளே. எனினும் சங்கப் பாட்டு ஈராயிரம் ஆண்டு வாழ்ந்தது. ஒவ்வொரு தலைமுறையும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்ததே அதற்குக் காரணம். படியெடுப்பு நின்ற நூல்கள் செல்லுக்கும் தீக்கும் வெள்ளத்திற்கும் இரையாயின. காந்த நாடாவுக்கும் இவ்விதி பொருந்தும். வேறுபாடு காலத்தின் அளவில் மட்டுமே உள்ளது. ஓலை ஒருவரின் வாழ்நாளைக் கடந்து நிற்கும். நாடாவும் வட்டும் அவற்றைப் படிக்கும் கருவியும் ஒருவரின் பணிக்காலம் முடிவதற்குள்ளேயே பயனற்றுப் போவதுண்டு.

இங்கிலாந்தின் மற்றொரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். 1086இல் அந்நாட்டு மன்னன் வில்லியம் எடுப்பித்த நிலவரிப் பதிவேடு இன்றும் படிக்கத்தக்க நிலையில் உள்ளது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவுக்கென 1986இல் பி.பி.சி. நிறுவனம் பள்ளி மாணவர் பலரின் துணையுடன் நாட்டைப் பற்றிய செய்திகளைத் திரட்டி லேசர் வட்டுகளில் பதிந்தது. பதினைந்து ஆண்டு கழிவதற்குள் அவ்வட்டைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் கூடி நடத்திய ஆய்வில் ஒப்புப்பொறி கொண்டே 2002இல் அது மீட்கப்பட்டது. தோலில் எழுதியது ஒன்பது நூற்றாண்டு நின்றது. ஒளியில் எழுதியது ஒரு தலைமுறை தாண்டவும் தடுமாறியது.

லியோவின் முன்னோடியான எட்சாக்கின் வரலாறும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 1958இல் அது பிரிக்கப்பட்டது. பிளெச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணிப்பொறி அருங்காட்சியகத்தில் அதனை மீண்டும் அமைக்கும் பணி தொடங்கியபோது முழுமையான வரைபடங்கள் கிடைக்கவில்லை. பழைய ஒளிப்படங்களைப் பார்த்தே பொறியாளர் ஊகித்து வந்தனர். 2014இல் ஜான் லோக்கர் என்னும் முன்னாள் ஊழியர் 19 வரைபடங்களை அளித்தார். குப்பைக்குப் போகவிருந்த அவற்றை அவர் தம் இளமையில் எடுத்துவைத்திருந்தார். எறியாமல் வைத்த ஒருவரின் செயல் பலரின் பல்லாண்டு ஊகத்திற்கு விடை தந்தது.

எழுத்தும் குறியீடும்

தமிழ்க் கணிப்பொறி வரலாறும் இவ்விடரிலிருந்து தப்பவில்லை. 1980களிலும் 1990களிலும் தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களை வழங்கியது. ஓர் எழுத்துருவில் ககரமாக இருந்த எண் மற்றொன்றில் வேறெழுத்தாகத் தோன்றியது. தமிழுலகம் ஒரு பொதுக் குறியீட்டை நாடி டிஸ்கி என்னும் முறையை வகுத்தது. 1999இல் தமிழ்நாட்டில் தாம், தாப் என்னும் முறைகள் ஏற்கப்பட்டன. பின்னர் யூனிகோடு வழக்கிற்கு வந்து நிலைபெற்றது. ஆனால் இடைக்காலத்தில் தட்டச்சிட்ட கோப்புகள் பல, உரிய எழுத்துரு இல்லாமையால் பொருளற்ற குறிகளாய்த் தோன்றுகின்றன. எந்த எண் எந்த எழுத்து என்னும் அட்டவணை கிடைப்பின் அவை மீளும். அட்டவணை தொலைந்தால், சொல் வழக்கை அறிந்த தமிழறிஞரே புதிர் அவிழ்ப்பதுபோல் அவிழ்க்க வேண்டும். பொறியியலாருக்கு நிகராகத் தமிழாசிரியர்க்கும் இப்பணியில் இடமுண்டு என்பது இதனால் தெளிவாகும்.

மலையின் ஏடுகள்

கேமரன் மலைக்கு மீள்வோம். தோட்டத்து ஏடுகள் காக்கப்படுவது வெறும் ஆர்வத்தின் பொருட்டன்று. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. அதற்கு முன் வந்தோரின் ஊரும் உறவும் பலவேளை பதிவேட்டில் மட்டுமே எஞ்சின. 1951இல் தொழிலாளர் சேமநிதி ஏற்பட்டபோது பணிக்காலமும் ஊதியமும் கணக்கில் ஏறின. 1957இல் நாடு விடுதலை பெற்றபின், குடியுரிமைக்குப் பிறப்பும் வாழ்விடமும் சான்று காட்டப்பட வேண்டியவையாயின. 1969இல் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. தாளில்லாத பல்லாயிரவர் தமிழகம் திரும்ப நேர்ந்தது. ஒரு வரி எழுத்து இருந்ததும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் நாட்டையே தீர்மானித்த காலம் அது.

இன்று அம்மலையில் கொழுந்தெடுப்போருள் பலர் பிற நாடுகளிலிருந்து வந்தோர். சரிவில் கத்தரிக்கோலும் பொறியும் ஓடுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. கைக்கணக்கும் பொறிக்கணக்காக மாறிவிட்டது. செக்ரோலைக் கறையான் அரிக்க ஆண்டுகள் பல வேண்டும். கணிப்பொறிப் பதிவு ஒரே நாளில் எட்டாப்பொருளாகக்கூடும்.

லியோவின் வரலாறு இதற்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, பதிவைப் பொறியில் மட்டும் விடாமல் தாளிலும் அச்சிட்டு ஓரிடத்திற்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல். இரண்டாவது, எண்ணோடு அதன் பொருளையும் எழுதிவைத்தல்: எந்த அளவை, எந்த நாணயம், எந்த எழுத்துரு, சுருக்கக் குறிக்கு என்ன விரிவு என்பன அதில் இடம்பெற வேண்டும். மூன்றாவது, அறிந்தோர் உயிருடன் இருக்கும்போதே கேட்டுப் பதிதல். லியோ ஊழியரின் முதுமைக்கால நினைவுகள் இல்லையேல் தாள்கள் ஊமையாகவே இருந்திருக்கும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட தண்டலும், கணக்கெழுதிய கிராணியாரும், கொழுந்து கிள்ளிய பாட்டியும் அத்தகைய அறிவுக்கு உரியோர்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் தம் பாட்டன் பாட்டியின் பழைய சம்பளச் சீட்டையும் சேமநிதித் தாளையும் படியெடுத்து, அதிலுள்ள சொற்களின் பொருளைக் கேட்டெழுதினால், அதுவே ஒரு தொடக்கமாகும். லண்டனில் ஒருவர் எறியாமல் வைத்த தாள்கட்டு ஒரு பொறியின் மொழியை மீட்டது. கேமரன் மலைச் சரிவில் உழைத்தோரின் பெயர்களை மீட்கும் தாள்கள் இன்னும் சில வீடுகளின் தகரப்பெட்டிகளில் இருக்கக்கூடும். அவற்றைத் திறந்து பார்க்கச் சொல்வது தமிழாசிரியரின் கடமைகளுள் ஒன்றாகும்.